வவுச்சரில் யார் கையெழுத்து?

1553, அக்டோபர் 6. இன்றைய துருக்கியில், கோன்யாவுக்குக் கிழக்கே எரேலி என்று ஓர் ஊர். பாரசீகத்தின் மீது படையெடுத்துப் போகும் வழியில் ஒட்டோமான் ராணுவம் அங்கே தங்கியிருக்கிறது. பாசறையின் நடுவே சுல்தான் சுலைமானின் கூடாரம். சுல்தானுக்கு வயது 58. ஹங்கேரியிலிருந்து பாக்தாத் வரை அவர் சொன்னால் சொன்னதுதான்.

மூத்த மகன் முஸ்தபா அப்பாவைப் பார்க்க வருகிறார். வயது 38. ராணுவத்துக்குச் செல்லப்பிள்ளை. 'அடுத்த சுல்தான் இவர்தான்' என்று சிப்பாய்களே முடிவு கட்டி வைத்திருந்த ஆள்.

கூடாரத்துக்குள் போகிறார். உள்ளே காத்திருந்தவர்கள், வாய் பேச முடியாத கொலையாளிகள். கையில் கயிறு. கொஞ்ச நேரம்தான். முடிந்தது. உடலைத் தூக்கி வந்து எல்லோரும் பார்க்கும்படி வெளியே கிடத்திவிட்டார்கள்.

சுமார் 460 வருடம் கழித்து, 2014 பிப்ரவரியில், இதே காட்சியைத் துருக்கியே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்து அழுதது. புர்சா நகரில் முஸ்தபாவின் சமாதி இருக்கிறது. அங்கே ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நேற்று செத்த பிள்ளைக்குப் போவது மாதிரி.

அப்படி அழ வைத்த தொடரின் பெயரைத் தமிழில் சொன்னால், 'மகத்தான நூற்றாண்டு'. 2011 ஜனவரியில் தொடங்கி 2014 ஜூனில் முடிந்தது. நாலு சீசன், 139 எபிசோட். ஒவ்வொன்றும் ஒரு முழு சினிமா நீளம். பால்கன் நாடுகள், அரபு நாடுகள், லத்தீன் அமெரிக்கா என்று கண்டம் தாண்டிப் போனது. சப்டைட்டில் புண்ணியத்தில் நம்மூரிலும் பார்த்தவர்கள் உண்டு.

சும்மா சொல்லக் கூடாது. பார்க்க ஆரம்பித்தால் விட முடியாத சரக்கு. சுலைமானாக வரும் ஹாலித் எர்கென்ச் பேசுவதை விட மௌனமாக இருக்கும்போது அதிகம் மிரட்டுகிறார். அடிமையாகப் பிடித்து வரப்பட்டு, அந்தப்புரத்தில் தள்ளப்பட்டு, சுல்தானின் சட்டபூர்வமான மனைவியாகவே ஆகிவிடும் ஹுர்ரெமாக மெர்யெம் உசெர்லி. கப்பலில் பெண்களை மூட்டை மாதிரி அடைத்துக்கொண்டு வரும் ஆரம்பக் காட்சிகளில் அவர் காட்டும் கோபம் இருக்கிறதே, அது நிஜம். 2013ல் அவர் விலகிவிட, வயதான ஹுர்ரெமாக வாஹிதே பெர்ச்சின் வந்தார். அவரும் சளைத்தவரில்லை.

நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் வழக்கு கதை மீதுதான். அதற்கு முன்னால் இன்னொரு வழக்கைப் பார்த்துவிடலாம். அது துருக்கிக்குள்ளேயே நடந்தது.

தொடர் ஆரம்பித்ததுமே ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்புக்கு ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. 'எங்கள் மகா சுல்தானைப் பெண் பித்தன் மாதிரிக் காட்டுகிறார்கள்' என்று. 2012 நவம்பரில் அன்றைய பிரதமர் எர்டோகனே மேடையேறிக் கண்டித்தார். எங்கள் முன்னோர் இப்படிப்பட்டவர் இல்லை, அவர் தன் வாழ்நாளில் 30 வருடத்தைக் குதிரை மேல் கழித்தவர் என்பது அவர் வாதம்.

ஆக, தொடருக்கு சுல்தான் என்றால் கட்டில். பிரதமருக்கு சுல்தான் என்றால் குதிரை.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எண்ணைக் கேட்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. சுலைமான் ஆண்டது 1520லிருந்து 1566 வரை, 46 ஆண்டுகள். அவரே நேரில் தலைமை தாங்கிப் போன படையெடுப்புகள் 13. 1521ல் பெல்கிரேட், 1522ல் ரோட்ஸ் தீவு, 1526ல் ஹங்கேரியை நொறுக்கிய மோஹாச், 1529ல் பிடிக்க முடியாமல் திரும்பிய வியன்னா... பெரும்பாலும் வசந்தத்தில் புறப்பட்டு, குளிருக்கு முன்னால் திரும்பும் பயணங்கள். பாக்தாத், பாரசீகம் மாதிரி சில மட்டும் ஒன்றரை, இரண்டு வருடம் இழுத்தன. எல்லாவற்றையும் கூட்டினால் பத்து வருடத்தை ஒட்டித்தான் வருகிறது. 1543லிருந்து 1548 வரை படையெடுப்பு இல்லை. 1555லிருந்து 1566 வரை சுமார் 11 ஆண்டுகள் குதிரை லாயத்திலேயே நின்றது.

மிச்ச வருடங்கள் மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? கட்டிலிலா கிடந்தார்?

இங்கேதான் தொடரும் கோட்டை விட்டது, பிரதமரும் கோட்டை விட்டார். ஐரோப்பியர்கள் சுலைமானை 'மகத்தானவர்' என்றார்கள். அந்தப் பளபளப்பு, அந்தத் தலைப்பாகை, அந்தப் பீரங்கி. ஆனால் துருக்கியர்கள் அவருக்கு வைத்த பெயர் வேறு. 'கானூனி'. நம்மூர் தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் வந்திருக்கும் அதே 'கானூன்'தான். சட்டம் தந்தவர் என்று அர்த்தம்.

அவர் ஆட்சியின் நிஜமான ஆயுதம் வாள் இல்லை. பேரேடு.

ஒரு நாட்டைப் பிடித்தால் படைக்குப் பின்னாலேயே கணக்குப்பிள்ளைகள் போவார்கள். எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு, என்ன விளைகிறது, எத்தனை ஆலை, எவ்வளவு வரி என்று ஊர் ஊராக எழுதுவார்கள். அந்தப் பதிவேட்டின் முதல் பக்கங்களில் அந்த மாகாணத்துக்கான வரிச் சட்டம் இருக்கும். இன்னதற்கு இவ்வளவு, அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்கிற மாதிரி. உள்ளூர் அதிகாரி நினைத்ததைப் பிடுங்குவதற்கு அது ஒரு கடிவாளம். கடிவாளம் எப்போதும் வேலை செய்ததா? இல்லை. ஆனால் எழுத்தில் இருந்தது. சாமானியன் காஜியிடம் போய் நிற்க ஒரு காகிதம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அது லேசான விஷயமில்லை.

இன்னொரு உதாரணம். இஸ்தான்புல் மலையுச்சியில் கம்பீரமாக நிற்கும் சுலைமானியே மசூதி. 1550ல் தொடங்கி 1557ல் முடித்தார் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான். அதன் கட்டுமானக் கணக்குப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. ஒமர் லுத்ஃபி பார்கான் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் அவற்றை ஆராய்ந்து 1970களில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். கல், இரும்பு, ஈயம், ஆள் கூலி எல்லாம் அதில் வரவு செலவாக இருக்கிறது. சவுக்கடி வாங்கிக்கொண்டு அடிமைகள் கட்டிய மசூதி என்று நினைப்போம். கணக்கு வேறு சொல்கிறது. உழைத்ததில் பாதிக்கு மேல் கூலிக்கு வந்த சுதந்திரத் தொழிலாளிகள். கப்பலில் துடுப்புப் போட்ட அடிமைகளின் பங்கு சொற்பம்.

ரொக்கப் பணத்தை அறக்கட்டளையாக வைத்து, அதை வட்டிக்கு விட்டு, வரும் வருமானத்தில் தர்மம் செய்யலாமா என்று அந்தக் காலத்தில் ஒரு பெரிய சர்ச்சை நடந்தது. மதக் கட்டளைப்படி வட்டி கூடாதே! சுலைமானின் தலைமை முஃப்தி எபுஸ்ஸூத், நடைமுறையில் ஊரே அதை நம்பிப் பிழைக்கிறது, செய்யலாம் என்றார். கடுமையாக எதிர்த்தவர்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள். ஒரு எபிசோடுக்கு எப்பேர்ப்பட்ட சரக்கு! தொடரில் இந்த மாதிரி விஷயங்களைத் தேடினால் கிடைப்பது ஊறுகாய் அளவுதான்.

சரி, அது மெகா சீரியல். வரிச் சட்டத்தை வைத்து 139 எபிசோட் ஓட்ட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். நான் கோபப்படுவது அதற்காக இல்லை. கணக்கை விட்டுவிட்டதால், கொலையில் குற்றவாளியையே தப்பவிட்டு விட்டார்கள். அதற்காக.

முஸ்தபா ஏன் செத்தார்? தொடர் சொல்லும் பதில் இது. ஹுர்ரெமும், அவருடைய மாப்பிள்ளையான தலைமை அமைச்சர் ருஸ்தம் பாஷாவும் சேர்ந்து சதி செய்தார்கள். முஸ்தபா பாரசீக ஷாவோடு கூட்டுச் சேர்ந்துவிட்டதாகப் போலிக் கடிதம் தயாரித்தார்கள். சுல்தான் நம்பிவிட்டார். மனசொடிந்து, கண்ணீரோடு, வேறு வழியில்லாமல் உத்தரவு போட்டார்.

அதற்கு முன்னால் 1536ல் இன்னொரு கொலை. இப்ராஹிம் பாஷா. பர்கா ஊரிலிருந்து அடிமையாக வந்து, சுலைமானின் உயிர்த் தோழனாகி, 13 வருடம் தலைமை அமைச்சராக இருந்தவர். அரண்மனையிலேயே இரவோடு இரவாகக் கதை முடிந்தது. தொடரில் அதற்கும் பின்னால் நிற்கும் நிழல் யார்? ஹுர்ரெம்தான்.

நமக்கு இது ரொம்பப் பழக்கப்பட்ட கதை. தசரதன் வரம் கொடுத்தார். கெட்ட பேர் கைகேயிக்கும் கூனிக்கும். 'பொம்பள பேச்சைக் கேட்டுக் கெட்டான்' என்று சொல்லும்போது பாருங்கள், கெட்டவன் மேல் நமக்கு ஒரு அனுதாபமே வந்துவிடுகிறது.

துருக்கிக் கதையில் இந்தப் பழியைப் போட்டது தொடர்காரர்கள் இல்லை. அவர்கள் பழைய சரக்கையே பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். கொலை நடந்த காலத்திலேயே தாஷ்லிஜாலி யஹ்யா என்ற கவிஞர் முஸ்தபாவுக்கு இரங்கல் பாடி, ருஸ்தம் பாஷாவைச் சாடினார். ஆளுகிற சுல்தானை நேராகக் குற்றம் சொல்லிவிட்டு ஊரில் தலையோடு நடமாட முடியுமா? கோபத்தை மாப்பிள்ளை மேல் இறக்கிவைப்பதுதான் பத்திரம். அதற்குப் பிறகு ஹப்ஸ்பர்க் தூதர் புஸ்பெக். ஐரோப்பா பல தலைமுறை படித்தது அவருடைய கடிதங்களைத்தான். அவற்றில் ஹுர்ரெம் முழு வில்லி. அப்பா திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார் என்கிற காட்சியும் அவர் எழுதியதுதான். கொலை நடந்தபோது புஸ்பெக் அந்த நாட்டிலேயே இல்லை. மறு வருடம் கடைசியில்தான் அந்த வேலைக்கே நியமிக்கப்பட்டார். காதில் விழுந்ததை எழுதினார்.

இப்போது நாம் பழைய வரவு செலவைப் புரட்டுவோம்.

1512. சுலைமானுக்கு 17 வயது. அவர் அப்பா செலிம், ஜானிசரி படை வீரர்களின் துணையோடு தன் சொந்த அப்பாவான சுல்தான் பயசீத்தைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார். இறங்கிய கிழவர் ஊரை விட்டுப் போகும் வழியிலேயே செத்துப்போனார். செலிம் அத்தோடு நிற்கவில்லை. தன் அண்ணன்மாரையும், அவர்கள் பிள்ளைகளையும் ஒழித்தார். இது வெறி இல்லை, விதி. சிம்மாசனம் ஏறுகிறவன் உலக அமைதிக்காகச் சகோதரர்களைக் கொல்லலாம் என்று இஸ்தான்புல்லைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத்தின் பெயரால் சட்டமே இருந்தது. சுலைமானுக்குச் சகோதரர்கள் மிச்சமில்லை. அதனால் 1520ல் கையில் ரத்தம் படாமல் சுல்தான் ஆனார்.

1553க்கு வாருங்கள். முந்தின வருடம் பாரசீகப் படையெடுப்புக்குத் தலைமை தாங்க சுல்தான் போகவில்லை, ருஸ்தமை அனுப்பினார். சிப்பாய்கள் மத்தியில் பேச்சு கிளம்பியது. கிழவருக்கு முடியவில்லை, முஸ்தபா வரட்டும் என்று. ஜானிசரிகளுக்குப் பிடித்த மகன், வயதான அப்பா. இந்தப் படத்தைச் சுலைமான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவர். அதில் தாத்தாவுக்கு என்ன ஆனது என்றும் தெரிந்தவர். போலிக் கடிதம் இருந்ததோ இல்லையோ, பயத்துக்குக் கடிதம் தேவையில்லை.

ஹுர்ரெம் பக்கத்தைப் பாருங்கள். முஸ்தபா வேறொரு அந்தப்புரப் பெண்ணின், மாஹிதேவ்ரானின் மகன். அவர் சுல்தானானால் ஹுர்ரெமின் பிள்ளைகள் செலிம், பயசீத், ஜிஹாங்கிர் மூன்று பேருக்கும் கயிறு நிச்சயம். சட்டப்படி. உங்கள் பிள்ளைகளாக இருந்தால் சும்மா இருப்பீர்களா? ஹுர்ரெமைத் தேவதையாக்க வேண்டாம். தன் பிள்ளைகளுக்காக அவர் காய் நகர்த்தியிருப்பார், நகர்த்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவரைப் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் லெஸ்லி பியர்ஸ், அந்தப்புரம் என்பது காமக்கூடம் இல்லை, அது வாரிசு அரசியல் நடத்தும் ஒரு நிர்வாகம் என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டியிருக்கிறார். ஜெருசலேமில் ஏழைகளுக்குத் தினம் இரண்டு வேளை சாப்பாடு போட 1552ல் ஹுர்ரெம் ஒரு அன்ன சத்திரத்தை நிறுவினார். கிராமங்களின் வருமானத்தை எழுதிவைத்து, எந்த வேளைக்கு என்ன கஞ்சி, வெள்ளிக்கிழமைக்கு என்ன விசேஷம் என்பது வரை பத்திரத்தில் குறித்த சத்திரம் அது. வில்லிக்கும் ஒரு பேரேடு உண்டு, பாருங்கள்.

இப்போது முக்கியமான வரி. ஹுர்ரெம் 1558 ஏப்ரலில் இறந்துபோனார்.

சதி செய்த பெண்தான் காரணம் என்றால், அத்தோடு குடும்பத்தில் ரத்தம் நின்றிருக்க வேண்டும் இல்லையா? அடுத்த வருடமே, 1559ல், கோன்யாவுக்கு வெளியே அவர் பெற்ற செலிமும் பயசீத்தும் படை திரட்டி மோதினார்கள். அப்பா செலிம் பக்கம். தோற்ற பயசீத் பிள்ளைகளோடு பாரசீகத்துக்கு ஓடினார். சுலைமான் விடவில்லை. ஷாவுடன் பேரம் பேசி, பணம் கைமாறி, பயசீத்தும் அவர் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். 1553ல் முஸ்தபாவின் சின்னப் பையனைக்கூட விட்டுவைக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைகேயி செத்துவிட்டார். கூனியும் வேண்டியிருக்கவில்லை. உத்தரவு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

சுலைமானுக்குப் பிறகும் நிற்கவில்லை. 1574ல் பேரன் மூன்றாம் முராத் சிம்மாசனம் ஏறியதும் ஐந்து தம்பிகள். 1595ல் கொள்ளுப்பேரன் மூன்றாம் மெஹ்மத் ஏறியதும் 19 பேர். தலைநகரமே தாங்க முடியாமல் அழுதது. 1603ல் வந்த முதலாம் அகமதுதான் தம்பியை உயிரோடு விட்டார். 1617ல் அந்தத் தம்பியே சுல்தானும் ஆனார். குடும்பத்தில் மூத்தவர் யாரோ அவருக்கே பதவி என்கிற பழக்கம் அப்போதுதான் தலை தூக்கியது. அதாவது, விதியை மாற்ற முடியும். மாற்றினார்கள்.

அப்படியானால் நம் கேள்வி ஹுர்ரெமிடம் இல்லை. கானூனியிடம். ஹங்கேரிக் கிராமத்தில் ஒரு குடியானவன் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுத்தில் வைத்தவர். வட்டியும் மதமும் மோதினால் என்ன செய்வது என்று ஆள் வைத்து முடிவு கண்டவர். 46 வருடம் கையில் பேனா வைத்திருந்த மனிதர். அவர் தொடாத சட்டம் ஒன்று உண்டு. தன் சொந்தப் பிள்ளைகளின் கழுத்தைச் சுற்றியிருந்த சட்டம். அதை அவர் எழுதவில்லை, உண்மை. ஆனால் பயன்படுத்தினார். இரண்டு தடவை.

எந்த ஆபீஸிலும் பாருங்கள். வவுச்சரை யார் எழுதினார், யார் நீட்டினார், யார் காதைக் கடித்தார் என்பதெல்லாம் அப்புறம். தணிக்கைக்காரர் முதலில் பார்ப்பது அடியில் இருக்கும் கையெழுத்தை. பணம் போனதற்கு அவர்தான் பொறுப்பு. 'பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் சார்' என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு குமாஸ்தாவுக்கு நாம் கொடுக்காத சலுகையை சுல்தானுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

'மகத்தான நூற்றாண்டு' கொடுக்கிறது. தாராளமாகக் கொடுக்கிறது. அந்தக் கூடாரக் காட்சியில் கேமரா சுலைமானின் கலங்கிய கண்ணையே சுற்றிச் சுற்றி வருகிறது. இசை உருகுகிறது. உருக வேண்டியதுதான், அவரும் அப்பாதானே. ஆனால் காட்சி முடியும்போது கொன்றவர் மேல் நமக்கு இரக்கம், ஊரில் உட்கார்ந்திருந்த பெண் மேல் ஆத்திரம். எர்டோகன் கவலைப்பட்டதற்கு நேர் மாறாக, இந்தத் தொடர் சுல்தானை அவமானப்படுத்தவே இல்லை. அதன் மொத்த வேலையும் அவரைக் காப்பாற்றுவதுதான்.

தொடரைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள். உடைக்காகப் பாருங்கள், ஹாலித் எர்கென்ச்சுக்காகப் பாருங்கள், முதல் சீசன் ஹுர்ரெமுக்காகக் கட்டாயம் பாருங்கள். கூடாரக் காட்சி வரும்போது மட்டும், உத்தரவு போட்ட கையின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு பாக்கி. முஸ்தபா போன பிறகு அவர் தாய் மாஹிதேவ்ரான் புர்சாவில் மகன் சமாதி இருந்த ஊரிலேயே வாழ்ந்தார். வருமானம் இல்லை. வீட்டு வாடகை கொடுக்க முடியவில்லை. கடைத்தெருவில் அவர் வேலைக்காரர்களைக் கேலி செய்து ஏமாற்றினார்கள். சுலைமானின் ஆட்சி முடியப்போகும் நேரத்தில்தான் அவருடைய கடன்கள் அடைக்கப்பட்டன. அடைக்கச் சொல்லி உத்தரவு போட்டவர் சுல்தான் சுலைமான்.

அந்த வவுச்சரிலும் அவர் கையெழுத்துதான் இருந்தது.